வேந்தரம்மா போட்ட சுவிட்ச்

அடையாறில் இருக்கும் அந்தத் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆயுத பூஜை வந்துவிட்டால் சாமியே ஒதுங்கி வழிவிட வேண்டும். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குக் குங்குமம், லிஃப்டுக்கு வாழைக்கன்று. உயிர்வேதியியல் துறைத் தலைவர் சிதம்பரநாதனுக்கு இந்த வருடம் பக்தி கொஞ்சம் கூடுதலாகவே பொங்கியது. வேந்தரின் மனைவி அல்லவா பூஜைக்கு வருகிறார்!

வந்த அம்மாள், துறையிலேயே பெரிய இயந்திரமான ஃப்ரீசர் பெட்டிக்குத் தன் கையால் பொட்டு வைத்தார். "பூஜைல வெச்ச மெஷின ஓட விடலாமா?" என்று போகிற போக்கில் ஒரு கேள்வியும் கேட்டார். சிதம்பரநாதன் பதறியடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். கத்திய அலாரத்தின் வாயையும் அடைத்தார்.

"நாளைக்கு விஜயதசமி. நீங்களே வந்து உங்க கையால போட்டு வைக்கணும்மா."

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை ஆராய்ச்சி மாணவி அன்புக்கரசி ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்த சோதனைக் குழாய்கள். ஆற்றங்கரைப் பெண்களின் ரத்தம். சர்க்கரை நோய் வரும் முன்பே அதில் அடையாளம் தெரிகிறதா என்பது அவள் ஆய்வு. அந்தப் பெண்களையெல்லாம் குடிசையோடு பெயர்த்து, ஊருக்கு வெளியே மூலைக்கு ஒருவராக வீசியாயிற்று. மறுபடி தேடிப் பிடித்து ரத்தம் எடுக்க முடியாது. ரத்தம் உருகினால் டாக்டர் பட்டமும் அதோடு சாக்கடையில்தான். அவள் கெஞ்சினாள்.

"ஊர்ல கரண்டே போறதில்லையா? ஒரு நாள் தாங்கும் போ," என்றார் சிதம்பரநாதன். அவரும் உயிர்வேதியியல் படித்தவர்தான். படித்ததை எங்கே வைத்துவிட்டு வந்தாரோ!

ஆய்வகத்தைப் பெருக்கும் முனியம்மாளிடம் ஒரு சாவி உண்டு. ஆற்றங்கரையில் அன்புக்கரசிக்கு அடுத்த வீட்டுக்காரியாக இருந்தவள். வெளியே பார்த்தால் "அத்தை", பல்கலைக்கழகத்துக்குள் "முனியம்மா". இது அன்புக்கரசி தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு. முனியம்மாளுக்கு அவள் எங்கேயும் "அரசி"தான். காரியம் ஆகும் வரை காலைப் பிடி என்பார்களே, அன்று அன்புக்கரசி அவளைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப்போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அத்தை" என்றாள்.

"எல்லாரும் போனப்புறம் சுவிட்சப் போட்டுடு அத்தை. காலைல அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி நானே அணைச்சுடறேன்."

"இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுற? நான் கீறேன்ல," என்றாள் முனியம்மாள். சொன்னபடி போட்டும் விட்டாள்.

விஜயதசமியன்று அன்புக்கரசி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நேரத்தோடேதான் வந்தாள். வாசலிலேயே சிதம்பரநாதன் அவள் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்து, "வேந்தரம்மா பக்கத்துல நில்லு, போட்டோ எடுப்பாங்க" என்றார். அந்தப் பூரிப்பில் சுவிட்சை அவள் மறந்தே போனாள். தடுத்தவர் யாருமில்லை. சிரித்துக்கொண்டே பன்னீர் தெளித்தாள்.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்க, பூச்சரம் மூடியிருந்த சுவிட்சை வேந்தரம்மா தட்டினார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பெட்டி நின்றது. அலாரம் வீலென்று கத்தியது. "என் கை பட்டா நிக்கணும்? அபசகுனம்!" என்று முகம் கறுத்து, அம்மாள் காரில் ஏறிப் போய்விட்டார்.

சிதம்பரநாதன் முனியம்மாளிடம் பாய்ந்தார். "ராத்திரி சாவி உன்கிட்டதானே இருந்துச்சு? யாரைக் கேட்டுப் போட்டே?"

முனியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அன்புக்கரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பெண் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது, பாவம்.

"நீ போடச் சொன்னியா?" என்று அவர் அன்புக்கரசியைக் கேட்டார்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்."

பிறகு முனியம்மாள், "பெருக்க சொல்லோ கை பட்டுகிச்சி சார்" என்றாள்.

"இனிமே இங்க கால் வெக்காதே. அன்புக்கரசி, அவகிட்ட சாவிய வாங்கு."

முந்தானையில் முடிந்திருந்த சாவி லேசில் அவிழவில்லை. முனியம்மாள் பல்லால் கடித்து இழுத்தாள். அன்புக்கரசி கையை நீட்டியபடியே நின்றாள். பன்னீர் வாசம் போகாத அந்தக் கையில் முனியம்மாள் சாவியை வைத்தாள்.

"இந்தாங்க மேடம்."

எல்லோரும் போனதும் அன்புக்கரசி ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குழாய்கள் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் வந்தது.

வரிசையில் முதல் குழாய் முனியம்மாளுடையது. ஊசியைக் கண்டு மற்ற பெண்கள் மிரண்டு ஓடியபோது, "நம்ம அரசிக்குக் குடுக்காம வேற யாருக்குடி குடுக்கப்போறீங்க?" என்று அதட்டி, முதல் ஆளாகக் கையை நீட்டியவள் அவள். அந்த ரத்தத்தில் ஒரு சொட்டுகூட உருகவில்லை.