நான்காவது டிஸ்க்

கல்யாண வீடியோ எடுக்கும் வேணியிடம் படத்தை அழிக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்னொரு காப்பி கேட்பார்கள், பாட்டை மாற்றச் சொல்வார்கள், எங்கள் சித்தப்பா முகமே விழவில்லையே என்று சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் மண்டபக்காரர் கலையரசன் போனில் சொன்னது அவளுக்கு உறுத்தியது.

"என் தம்பி மகன் கல்யாணம் எடுத்தீங்கல்ல, முசிறிப் பொண்ணு? அதுல வெட்டாம வச்சிருக்கறதையெல்லாம் அழிச்சிடுங்கம்மா. எப்படியும் அழிக்கிறதுதானே?"

எப்படியும் அழிக்கிறதுதான். ஸ்ரீரங்கத்தில் வேணியின் வீட்டு உள்ளறையில் நான்கு டிஸ்க் செருகக்கூடிய ஸ்டோரேஜ் பெட்டி இருந்தது. மூன்று டிஸ்க்குகளை ரெய்டாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒன்று பழுதானால் மற்ற இரண்டையும் வைத்து அதிலிருந்ததை மீட்டுவிடலாம். ஆனால் மூன்றும் நிரம்பி வழிந்தன. ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணங்களை அழித்துத்தான் புதிய கல்யாணங்களுக்கு இடம் பண்ணுவார்கள். எடிட்டிங் பார்க்கிற அவள் கணவன் ஹரிஹரசுதன் அப்போதும் அந்த வேலையில்தான் இருந்தான்.

"நிறுத்துங்க. அந்த முசிறிக் கல்யாணத்தை ஒரு தடவ பாத்துடுவோம்."

ஓட்டிப் பார்த்தார்கள். முகூர்த்தம், பந்தி, மாலை மாற்றுவது என்று எல்லாம் சாதாரணமாகத்தான் போயிற்று. மணப்பெண் அறைக் காட்சி வந்ததும் வேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணப்பெண் ரஞ்சனிக்குத் தலை அலங்காரம் நடக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "காது மிஷின் வெளியில தெரியுது பாரு, பூவை இந்தப் பக்கம் இழுத்து விடும்மா" என்கிறாள். பிறகு ரஞ்சனியிடம் குனிந்து, "ஒரு காது கேக்காதுன்னு தெரிஞ்சுதானே உன்னை எடுக்கறோம். ஊருக்குத் தெரிய வேணாம், அவ்வளவுதான்" என்கிறாள்.

"இது நல்லாருக்காதுன்னு நான்தான் வெட்டுனேன்" என்றான் ஹரிஹரசுதன்.

வேணி ரஞ்சனிக்குப் போன் போட்டாள். "இருங்கக்கா, இந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்" என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முசிறியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காது கேட்காததை மறைத்துக் கட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்கள், இந்தக் கல்யாணம் செல்லாது என்று புருஷன் வழக்குப் போட்டிருக்கிறான்.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு சொல்ல சாட்சி இருக்கான்னு வக்கீல் கேட்டாரு. இல்லைன்னுட்டேன் அக்கா."

"இருக்கு. நாளைக்குக் கிளம்பி வா."

போனை வைத்ததும் ஹரிஹரசுதன் எழுந்து நின்றான். "பாதி வேலை அவரு மண்டபத்துலேருந்துதான் வருது வேணி."

"தெரியும்."

"பெட்டியிலயும் எடம் இல்ல."

"எடம் வாங்கிக்கலாம்ங்க. இனிமே யாரோட கல்யாணத்தையும் அழிக்கிறதா இல்ல. நாம தூக்கிப்போட்டதுல இந்த மாதிரி இன்னும் எத்தனை பொண்ணுங்களோட சாட்சி போச்சோ!"

கலையரசனுக்கும் அவளே போன் செய்து, அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் தில்லைநகருக்குப் போய், இருக்கிற ஒவ்வொன்றின் அளவிலேயே இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தாள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி வந்து சேர்ந்தாள் ரஞ்சனி. பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால், அந்தக் கல்யாணத்தைத் தனியாக இரண்டு சின்ன டிஸ்க்குகளில் ஏற்றி அவள் கையில் கொடுத்தாள் வேணி. ஒன்று வக்கீலுக்கு, ஒன்று அவளுக்கு.

பிறகுதான் புதிய டிஸ்க்கைப் பெட்டியில் காலியாக இருந்த நான்காவது இடத்தில் செருகி, ரெய்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மூன்றில் இருந்ததை நான்குக்கும் பரப்பி எழுதும் வேலை தொடங்கியது. நாளைக்குத்தான் முடியும், அதுவரை அணைக்கக் கூடாது என்றது திரை. கரண்ட் போனாலும் தாங்கட்டும் என்று, பெட்டி இருந்த இன்வெர்ட்டர் லைனில் ஓடிய மற்றதையெல்லாம் ஹரிஹரசுதன் அணைத்தான்.

சாயங்காலம் கலையரசன் வந்தார். கூடத்தில் யாரும் இல்லாததைப் பார்த்து நேராக உள்ளறை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வேணியும் ஹரிஹரசுதனும் இருந்தார்கள்; பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"இதுதானா? மிஷின்தானேம்மா, எப்ப வேணா கெட்டுப்போகும். கோர்ட்டுல கேட்டா டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. யாரு என்ன பண்ணிட முடியும்?"

"ஒண்ணு போனா மத்தது சேர்ந்து அதைத் திருப்பி எழுதிடும்ங்க. அதுக்குத்தான் இதை வாங்கி வச்சிருக்கோம்."

"விளையாடறியா? இந்த முகூர்த்தத்துலேருந்து என் மண்டபத்துல கால் வைக்க முடியாது நீ." அவர் உள்ளே நுழைந்து பெட்டியின் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினார்.

கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரஞ்சனி எழுந்து வந்து ஸ்விட்சை மறைத்து நின்றாள். அவளை அங்கே எதிர்பார்க்காத கலையரசன் கையை இழுத்துக்கொண்டார்.

"பெரிய மாமா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்களுக்கெல்லாம் தெரியுமா, தெரியாதா? சத்தமாச் சொல்லுங்க. எனக்குத்தான் ஒரு காது கேக்காதே."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"குடும்பத்துக்குள்ள பேசிக்கலாம்மா..."

"பேசிக்கிட்டு அவனோட வாழப்போறதில்லீங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். ஏமாத்துக்காரின்னு எழுதிக் குடுத்திருக்கான் பாருங்க, அது என் பேருல இருக்கக் கூடாது."

கலையரசன் ஹரிஹரசுதனைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க தம்பி."

மண்டபத்து வேலையை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் புரண்டவன் அவன். "உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடலீங்களே சார்" என்றான். "கிளம்புங்க."

அவர் போனபிறகு வேணி வாசல் கதவைத் தாழிட்டு வந்தாள். ரஞ்சனிதான் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் காபி போட்டாள்.

கலையரசன் சொன்னபடியே செய்தார். மண்டபத்து முன்பதிவுகள் ஒவ்வொன்றாக வேறு ஆளுக்குப் போயின. ஆனால் ரஞ்சனியின் வக்கீல் அந்தக் காட்சியைக் கோர்ட்டில் கொடுத்ததும், மாப்பிள்ளை வீட்டார் ஏமாற்று என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் பிரிவதற்கான மனுவில் ரஞ்சனி கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தை மாதம் வேணிக்குக் கிடைத்த முதல் கல்யாணம் பச்சைமலையில், பஸ் எப்போதாவது போகிற ஊரில். கேமராப் பைகளை வண்டியில் கட்டிக்கொண்டே ஹரிஹரசுதன், "பெட்ரோல் காசாவது தேறுமா?" என்றான்.

"தேறாட்டி என்னங்க, எடுப்போம்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள் வேணி.