அவர் எழுதி வைத்த தேதி

வீட்டுக்குப் பின்னால் ஆண்கள் பளீலின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அறைக்குள் அவருடைய கைபேசி அலாரம் அடித்தது. பாயிஸா பதறிப்போய் அணைத்தாள். திரையில் கணவர் போட்டு வைத்த குறிப்பு: ‘இன்று மாற்ற வேண்டும். நாற்பது போத்தல்.’

சுபஹு தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கெல்லாம் மவுத்தாகிவிட்டார். அந்தப் போத்தல்களை ஒருவருமே நினைக்கவில்லை.

பேராதனையில் நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை. நெற்பூவின் மகரந்தத்தை மட்டும் ஹார்மோன் கலந்த ஜெலியில் வளர்த்து நாற்று எடுப்பார். ‘உம்மா இல்லாத புள்ளைகள்’ என்று பாயிஸா கேலி செய்வாள். மகரந்தம் கடுகளவு கட்டியானதும் வேறு ஹார்மோன் உள்ள போத்தலுக்கு மாற்ற வேண்டும். பிந்தினால் முளைப்பதெல்லாம் வெள்ளை நாற்று, வெள்ளை பிழைக்காது. மூன்று தடவை அப்படிப் போயிற்று. மூன்று தடவையும் மனுஷன் சாப்பிடாமல் படுத்தார். இந்த முறை புதுப் போத்தல்களில் ஜெலி ஊற்றி, மாற்றும் தேதியும் எழுதி ஒட்டியாயிற்று என்று போன வாரமே சொல்லிவிட்டார்.

மாற்றத் தெரிந்த இன்னொரு ஆள் அவரோடு வேலை செய்யும் கிருஷாந்தி மட்டும்தான். அவளோ கம்பளையிலிருந்து ஓடிவந்து, அழுது வீங்கிய முகத்தோடு வீட்டு முன்னறைக் கதிரையில் இருந்தாள். மணி பத்தரை. லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் ஜனாஸாவை அடக்க எடுப்பார்கள். அதற்குப் பின் இந்த அம்பிட்டியவிலிருந்து பேராதனைக்கு பஸ் பிடித்தால் நாற்பதையும் மாற்ற நேரம் போதாது.

பாயிஸா அவளை அறைக்குள் கூப்பிட்டாள்.

“நீங்க இப்பவே போங்க. இன்டைக்கி மாத்தாட்டி எல்லாம் வெள்ளையாத்தான் வரும்.”

“அண்ணன எடுக்குறதுக்கு முன்னுக்கு எப்புடிக்கா போறது?”

“அவர் இருந்தா இந்நேரம் அங்கதான் இருப்பார்.”

பளீலின் தங்கை ரபீகாவுக்கு இது பிடிக்கவில்லை. மையித்து வீட்டுக்கு வந்தவளை விரட்டுவதா என்று முணுமுணுத்தாள். பாயிஸா கிருஷாந்தியின் குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஜனாஸாவைத் தூக்கும்போதுகூட அவள் மனம் பேராதனை வீதி நெரிசலில் கிடந்தது. அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பாயிஸா வெளியே போகாமல் வீட்டோடு இத்தா இருந்த ஐந்தாவது வாரம், கிருஷாந்தி ஒரு போத்தலோடு வந்தாள். அநேகமானவை வெள்ளைதான், ஆறில் மட்டும் பச்சை வந்திருக்கிறது என்றாள். பின்னேரம் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமாம்.

உள்ளே நகத்தளவு பச்சை. வெளியே ஒட்டிய தாளில் பளீலின் சாய்ந்த எழுத்தில் ஒரு தேதி. அவரை அடக்கிய நாள்.

எழுத்தின்மேல் விரல் படாமல் பாயிஸா போத்தலைப் பிடித்துக்கொண்டாள்.