தமயந்தி வீட்டு ஞாயிறு

தமயந்தியின் வீட்டுக்கு மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை படுத்தால் திங்கட்கிழமை விடிந்தது.

தெருவில் மற்ற வீடுகளுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

தமயந்தி விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது நாற்பத்து நான்கு. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் எலும்பைப் பார்ப்பாள். ஏழாம் நாள் கோட்டை பிடிப்பாள்.

அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. நூறு பேர் ஆகாயத்திலிருந்து குதிப்பார்கள். கடைசிவரை உயிரோடு இருக்கும் அணிக்குக் கோட்டை. தமயந்தியின் அணிக்குப் பெயர் கறிவேப்பிலை. அதில் நான்கு பேர். அவள், அவள் கணவன் பரசுராமன், அவனுடைய தங்கை பூங்கோதை, பள்ளித்தோழி ஜெசிந்தா. ஞாயிறுதோறும் நால்வரும் தமயந்தி வீட்டில் கூடுவார்கள். பரோட்டா வரும். செல்போன்கள் சார்ஜில் கிடக்கும். பரசுராமன் குதித்தவுடனே தண்ணீரில் விழுந்து செத்துப்போவான். அதற்காக அவனை யாரும் அணியிலிருந்து நீக்கியதில்லை.

இந்த முறை கறிவேப்பிலை மாவட்டப் போட்டியில் கால் இறுதிக்கு வந்திருந்தது. கால் இறுதி, அரை இறுதி, இறுதி, மூன்றும் மூன்று ஞாயிறுகளில் நடந்து முடிந்துவிட்டன. மூன்றிலும் இவர்கள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று போட்டிருந்தது. மாதக் கடைசியில் அணியின் பெயரை அழித்துவிடுவதாக அறிவிப்பும் வந்தது.

“நாங்க வந்தோம் மதினி,” என்றாள் பூங்கோதை. “மூணு ஞாயிறும் வந்தோம். பதிமூணாம் நம்பர் வீடு இருந்துச்சு. பதினஞ்சு இருந்துச்சு. நடுவுல உங்க வீடு இல்ல.”

“பிறகு என்ன செஞ்சீங்க?”

“பரோட்டாவ நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போயிட்டோம்.”

நான்காவது சனிக்கிழமை தமயந்தி அரைநாள் லீவு போட்டாள். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு கிழமை வழங்கல் அலுவலகத்துக்குப் போனாள். ஒன்பதாம் அறை என்று வாசலில் சொன்னார்கள்.

நடைபாதை நீளமாக இருந்தது. ஒவ்வொரு முறை வழி கேட்டபோதும் இரண்டு கதவுகள் கூடின. ஜெசிந்தா நான்கு பேரிடம் கேட்டுவிட்டாள். எட்டுக் கதவுகள் கூடிவிட்டன.

“இனி யார்கிட்டயும் கேக்காத,” என்றாள் தமயந்தி.

கேட்காமல் நடந்தார்கள். ஒன்பதாம் அறை உடனே வந்தது.

உள்ளே இருந்த அதிகாரி ஒல்லியாக இருந்தார். மேசையில் அவர் பெயர்ப்பலகை: வேலாயுதம். ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார்.

“பதினாலாம் நம்பர் வீடு. உங்க ஞாயித்துக்கிழமைய நிறுத்தி வச்சிருக்கு.”

“ஏன் சார்?”

“அனுபவிச்சதுக்குச் சான்று இல்ல.”

“மூணு வருசமா அனுபவிச்சோமே சார்.”

“யார் பார்த்தா?”

“நாங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்தோம்,” என்றான் பரசுராமன்.

“அது செல்லாதும்மா,” என்று அதிகாரி தமயந்தியிடம் சொன்னார். “நான் பார்க்கணும். சந்தோசமா இருங்க. எழுதிக்கிறேன்.”

நால்வரும் மேசை முன்னால் வரிசையாக நின்று சந்தோஷமாக இருந்தார்கள். பூங்கோதை பல்லைக் காட்டினாள். ஜெசிந்தா இரண்டு தடவை கைதட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ‘போதவில்லை’ என்று எழுதினார்.

தமயந்தி அந்தச் சொல்லைத் தலைகீழாக வாசித்தாள். மூன்று ஞாயிறு போனது போகட்டும். இனி வரவே வராது என்றால்? சனிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு மூச்சுகூட விடாமல், கடைசிவரை எலும்பையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப்பார்த்தாள்.

அவள் செல்போனை எடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எல்லாரும் உக்காருங்க,” என்றாள். “குதிப்போம்.”

குதித்தார்கள். பரசுராமன் தண்ணீரில் விழுந்தான்.

“அண்ணே, ஊரே காய்ஞ்சு கிடக்கு. உனக்கு மட்டும் எங்கருந்துண்ணே தண்ணி கிடைக்குது?” என்றாள் பூங்கோதை.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவள் ஒரு மாட்டுவண்டியைச் சுட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் அதிகாரியின் ஞாபகம் இல்லை. தமயந்தி கூரையிலிருந்து கூரைக்குத் தாவினாள். பரசுராமன் செத்த நிலையிலேயே ஆலோசனை சொன்னான். அரைமணி நேரம் கழித்து அவள் காதருகே ஒரு குரல் கேட்டது.

“இடது பக்கம் ஒருத்தன் வர்றாம்மா.”

அதிகாரி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மொத்த அலுவலகமும் நின்றது.

தமயந்தி இடது பக்கம் திரும்பிச் சுட்டாள். கோட்டை விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் பதிவேட்டின் பக்கங்கள் தாமாகப் புரண்டன. வேலாயுதம் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ‘கண்டேன்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

“நிலுவை மூணு. நாளைக்கு உள்ளது ஒண்ணு. மொத்தம் நாலும் காலையில வந்திரும். வாசல்ல வண்டி நிக்க இடம் விடுங்க.”

காலையில் டெம்போவில் வந்தது. நான்கு ஞாயிறுகளையும் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பீரோ அளவு இருந்தது. தையல் வழியே வெயில் ஒழுகியது. கறி வறுக்கும் வாசனை வந்தது. வாசலில் நுழையவில்லை. பரசுராமனும் டெம்போக்காரரும் சாய்த்து, திருப்பி, நிலையில் இடிக்காமல் உள்ளே கொண்டுவந்தார்கள்.

முதல் ஞாயிறு நால்வரும் முழுக்கத் தூங்கினார்கள். தின்றார்கள். மறுபடி தூங்கினார்கள்.

இரண்டாம் ஞாயிறைப் பிரித்தால் உள்ளே விட்டுப்போன கால் இறுதி இருந்தது; விளையாடினார்கள். ஜெயித்தார்கள். சன்னலுக்கு வெளியே தெருவில் திங்கட்கிழமை. மூன்றாம் ஞாயிறு அரை இறுதி. அதையும் ஜெயித்தார்கள்.

நான்காம் ஞாயிறு இறுதிப்போட்டி. ஜெசிந்தா போனாள். பூங்கோதை போனாள். கோட்டை வாசலில் தமயந்தியும் போனாள். பரசுராமன் மட்டும் உயிரோடு இருந்தான். அன்று அவன் வைக்கோல் போரில் விழுந்திருந்தான். அவனுக்கே அது புதிது.

மூன்று பெண்களும் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

“பொறுங்க,” என்றாள் தமயந்தி. “அவன் வரட்டும். இன்னும் கொஞ்சம். இப்ப.”

பரசுராமன் சுட்டான்.

கறிவேப்பிலை என்ற பெயர் திரையின் உச்சிக்கு ஏறி நின்றது. பூங்கோதை அண்ணனின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அவன் செல்போனைக் கீழே வைக்க மாட்டேன் என்றான்.

எதிரணித் தலைவன் போன் செய்தான். “ஏங்க, நாங்க போன வாரமே ஜெயிச்சிட்டோம். கோப்பை எங்க வீட்ல இருக்கு.”

“அது உங்க ஞாயிறு தம்பி,” என்றாள் ஜெசிந்தா. “இது எங்க ஞாயிறு.”

“இருங்க, பார்க்கிறேன்,” என்றான். திரும்பி வந்து, “காணோம்,” என்றான்.

நால்வரும் தங்கள் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார்கள். கோப்பை மேடைமேல் இருந்தது. தமயந்தி அதைக் கழுவி, பாயசத்தை ஊற்றி, முதலில் கணவனிடம் நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கையிடம் கொடுத்தான். கோப்பை இரண்டு சுற்று வந்தது. தெருவில் புதன்கிழமை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் டிபன் பாக்ஸோடு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தமயந்தி சன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கோப்பையைத் தன் பக்கம் தரச்சொல்லிக் கை நீட்டினாள்.