ஆடியது யார்?

...கைதான் ஆடியிருக்கும், வேறென்ன, கொழுந்தன் என்றைக்கு நிதானமாக நின்று ஒரு படம் எடுத்திருக்கிறான், ஸ்டூடியோக்காரர் பிள்ளை என்று பெயர்தான், "லேசாத்தான் மங்கியிருக்கு அண்ணி, ஷார்ப் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், ஏதோ சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வதைப் போல. சாயங்காலத்துக்குள் பெரிதாகப் பிரின்ட் போட்டாக வேண்டும், மொத்தக் குடும்பமும் கல்லாவுக்குப் பின்னால் தொங்கப் போகிறது, மாமனார் ஆணிகூட அடித்துவிட்டார், கல்லாவில் அவள் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே... எத்தனை வருஷம் தொங்கும்? படம் திருத்தும் இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, திரையில் நிறம் சரியாகத் தெரியட்டும் என்று கணவன்தான் அடைத்துக் கொடுத்தான், அவளுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தான், அதனாலேயே மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஷார்ப்பைக் கூட்டினாள், முகமெல்லாம் உப்புத் தூவியதைப் போல ஆனது, குறைத்தாள், பழையபடி மங்கல். சரி, எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்போமே... மாமனாரின் கைக்கடிகாரத்தைப் பெரிதாக்கினாள், நொடிமுள்கூடத் தெரிந்தது, மாமியாரின் கண்ணாடியில் ஒரு கீறல், கணவனின் சட்டைப் பொத்தானில் பிரிந்த நூல், எல்லாம் பளிச். அப்படியென்றால்? கை ஆடினால் படம் முழுக்க மங்கும், ஒருத்தர் மட்டும் மங்கினால் அவர்தான் ஆடியிருக்கிறார், சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் இதை வாய் வலிக்கச் சொன்னவள் அவளேதான். வரிசையின் ஓரத்தில் அவள், அவள் முகம் மட்டும்... பாவம் கொழுந்தன், வீண்பழி. ஏன் ஆடினாள்? ஆமாம், படம் எடுக்கிற நொடியில் வாசல் பக்கம் மேசையில் அவள் போன் அடித்தது, விண்ணப்பம் போட்டிருந்த வேறு ஊர்ப் பத்திரிகை, படப் பிரிவு, பிறகு குளியலறையில் ஒளிந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டபோது, "வேலை உங்களுக்குத்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார்கள். இன்று வெள்ளி. வீட்டில் சொன்னாள், ஒருவரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "இங்க உனக்கு என்னம்மா குறை?" என்று மாமனார் நிஜமாகவே கவலைப்பட்டார், "நீ போயிட்டா கடைய யாரு பாக்கறது?" என்று கணவன் சிரித்தான், சிரிக்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? எரிச்சலாக வந்தது, அவன்மேல் இல்லை, பதிலுக்குத் தானும் சிரித்து வைத்த தன்மேல்.

போகட்டும், வேலையைப் பார்ப்போம், மங்கிய முகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மாற்று முகம் வைப்பது சுலபம், கண் மூடிய மாப்பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் கண் திறந்துவிடுகிறாள். போன் அடிப்பதற்கு முன்னால் எடுத்த படத்தைத் தேடினாள், அதில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், சமர்த்து மருமகள், கழுத்தோடு கத்தரித்தாள், கொண்டுவந்து பொருத்தினாள், ஓரங்களைத் தேய்த்து மழுக்கினாள். கொழுந்தன் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, ஒட்டினதே தெரியல அண்ணி!" என்றான், "அப்பா, முடிஞ்சிடுச்சு" என்று கத்திக்கொண்டே ஓடினான். முடிந்ததுதானா? தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். முகம் நேராக இருக்கிறது, தோள் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது, இடுப்பும்தான்... கீழே நகர்த்தினாள். வலது குதிகால் தரையில் இல்லை. இதையும் சரிசெய்துவிடலாம், பாதத்தைக் கொஞ்சம் இழுத்து அழுத்தினால் போதும், பத்து நிமிஷ வேலை, யார் காலைப் பார்க்கப் போகிறார்கள்? "ஆச்சாம்மா?" என்று வெளியிலிருந்து மாமனார் கேட்டார், "இதோ மாமா, இன்னும் கொஞ்சம்" என்றாள், மவுஸ் குதிகால்மேல் நின்றது, பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது. போன் அடித்தால் தலையைத் திருப்பலாம், யாரானாலும் திருப்புவார்கள்... காலை எதற்குத் தூக்கினேன்?