பட்டி பார்த்த ஓட்டை

என் வீட்டுக்காரர் செந்தமிழனுக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்டர். எட்டு மணி நேரமும் வெள்ளை விளக்கடியில் நின்று, வருகிற வண்டியையெல்லாம் தடவிப் பார்த்து, தூசி, கீறல், ஊசி ஓட்டை எதுவானாலும் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புவார். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வாங்க என்று கல்யாணமானதிலிருந்து சொல்கிறேன். கேட்டால்தானே. தோசைக்கும் வட்டம் போடுகிற ஆள்.

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நாலு வருஷமாக பேஸ் கிட்டார் வாசிப்பது நான். சர்ச்சின் கிட்டார் மழை ஒழுகலில் ஊறிக் கழுத்து வளைந்துபோனது. குழுவை நடத்தும் ஜோதி அக்கா, "அறுப்பின் பண்டிகைக்குள்ள வேற கிட்டார் வரலன்னா, கீபோர்டுலயே பேஸ் வெச்சுக்கலாம் எழில்" என்றார். கீபோர்டுக்குப் போன இடம் திரும்பி வராது. எனக்குப் பாட்டும் வராது. அந்த நாலு கம்பி இல்லாவிட்டால் குழுவில் எனக்கு வேலையே இல்லை.

அதனால் ஒரு கிட் வரவழைத்தோம். பெட்டிக்குள் பெயின்ட் அடிக்காத மர உடம்பு, கழுத்து, கம்பி, திருகு, ஒயர், படம் போட்ட ஒரே ஒரு தாள். "ஒயரு உன்னுது, பெயின்ட்டு என்னுது" என்று அவரே பிரித்துக்கொண்டார். நியாயம்தான். சுங்குவார்சத்திரம் போன் கம்பெனியில் போர்டுகளுக்கு சால்டர் பற்றவைப்பதுதான் என் வேலை.

மனுஷன் பெயின்ட் அடித்தாரா, கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்தாரா என்று தெரியவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் லாரிப் புழுதி அடங்குவது விடியற்காலையில்தான். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, துணிக்கொடியில் தொங்கவிட்டு அடிப்பார். காய்ந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பிடிக்காமல் வாட்டர் பேப்பரால் தேய்த்து மறுபடியும் அடிப்பார். இப்படியே ஐந்து வாரம். மயில்கழுத்து நீலம். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"ஆறு வருஷமா ஊரான் வண்டியத் தடவிக்கினு கீறேன். இது ஒண்ணுதான் என்னுது" என்றார். அப்போது அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது உண்மை.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், எல்லாம் மாட்டி முடித்து ஆம்ப்பில் சொருகினேன். கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். ஒயர் சொருகுகிற ஜாக்கின் இரும்பைத் தொட்டால் அடங்கியது. கம்பியைத் தொட்டால் அடங்கவில்லை. கம்பிக்கு எர்த் போகவில்லை.

தாளை எடுத்துப் பார்த்தேன். கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில், ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒயர் வர வேண்டும். ஒயர் போடும்போது அந்த ஓட்டையைத் தேடி, காணாமல், இந்த மாடலில் இல்லை போலிருக்கிறது என்று விட்டிருந்தேன். என் தப்பும் உண்டு.

"இந்தத் தகட்டுக்கு அடியில ஓட்டை ஒண்ணு இருந்துச்சாங்க?"

"இருந்துச்சே. பூச்சி அரிச்சிருக்கும்னு பட்டி பார்த்து மூடிட்டேன்" என்றார், பெருமையாக.

சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. "அது எர்த் ஒயர் போற வழிங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "இப்ப இன்னா பண்றது?"

"தகட்டைக் கழட்டி அங்கயே மறுபடி ட்ரில் போடணும்."

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்த நீலத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு வரவில்லை.

என் பையில் பழைய ரிஸ்ட் பேண்ட் ஒன்று கிடந்தது. எங்கள் லைனில் உட்காருகிற எல்லாரும் மணிக்கட்டில் அதைக் கட்டி, ஒயரின் மறுமுனையை மேஜையின் எர்த்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் சேரும் கரன்ட் போர்டைக் கெடுத்துவிடும். நான் அதை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மறுமுனையை ஜாக்கின் இரும்பில் மாட்டினேன். இரைச்சல் நின்றது.

"பாத்தீங்களா? ட்ரில்லே வேணாம். நாளைக்கு இப்படியே வாசிச்சிடறேன்."

நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னேன். பண்டிகைப் பாட்டை வாசித்தும் காட்டினேன். கை கழுத்தின் நுனிக்குப் போகும்போது மட்டும் ஒயர் பின்னால் இழுத்தது.

அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷிஃப்ட்ல எட்டு மணி நேரம் இதைக் கட்டிக்கினுதான கீற" என்றார். "சர்ச்சுலயுமா?"

அவரே பேண்டை அவிழ்த்துப் பைக்குள் போட்டார். கம்பியைத் தளர்த்தினார், தகட்டைக் கழற்றினார், ட்ரில்லை எடுத்தார். வழவழப்பில் ட்ரில் ஒரு தடவை வழுக்கியது. தகடு மூட முடியாத இடத்தில், அரிசி அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. அவர் கை பழக்கத்தில் பென்சிலைத் தேடி எடுத்தது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் காதில் சொருகிக்கொண்டு, "ஒயரைக் குடு" என்றார்.

மறுநாள் இரைச்சலும் இல்லாமல், கையை இழுக்க ஒயரும் இல்லாமல், நின்றுகொண்டே வாசித்தேன். ஜோதி அக்கா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்த வெள்ளைப் புள்ளி அங்கேருந்து தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டேன்.

"கவனிக்கல" என்றார். "உன் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."