கொடியில் கிடந்த பிறை

“மக்காவில நாளைக்குப் பெருநாளெண்டா சட்டனிலயும் நாளைக்குத்தான் பெருநாள்!” என்று சட்டன் வீட்டிலிருந்து போனுக்குள் கத்தினார் மாப்பிள்ளையின் தகப்பன் ஹமீம் ஹாஜியார்.

“மக்காவில வெயிலெண்டா சட்டனில குடையை வீசிப்போட்டே நடக்கிறீங்கள்?” என்று அதே நகரத்தின் இன்னொரு மூலையான ஸ்ட்ரெதமிலிருந்து திருப்பிக் கத்தினார் பெண்ணின் தகப்பன் மஃரூப். “இஞ்ச ஆரும் பிறை காணயில்லை. நாளைக்கும் நோன்புதான்!”

அந்த நேரம் மஃரூப் வீட்டுப் பின்வளவில், உடுப்புக் கொடியில், இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவே பெருநாள் பிறை தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய கெட்டித்தனம்தான். ஆறு மாதத்துக்கு முன் வட்டிலப்பம் தின்றபடி, நிக்காஹ் பெருநாளன்று பெண் வீட்டில் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் சம்பளம், பெண்ணின் நிறம், சின்ன மாமாவின் சர்க்கரை வருத்தம் வரை துருவி விசாரித்தவர்கள், யாருடைய பெருநாள் என்று மட்டும் கேட்கவில்லை. சட்டன் வீட்டார் சவூதி அறிவிப்பைப் பின்பற்றுகிறவர்கள். ஸ்ட்ரெதம் வீட்டார் உள்ளூரில் கண்ணால் கண்டால்தான் ஒப்புக்கொள்கிறவர்கள்.

பெண் நுஸ்ரா, முப்பத்தொரு வயது, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். முந்திய சம்பந்தங்களில் ஒன்று அவளுடைய முக்காடு போதாதென்று முறிந்தது, மற்றது முக்காடு கூடிப்போனதென்று முறிந்தது. மாப்பிள்ளை இன்ஷாபை அவளே போனில் ஒரு கலியாண ஆப்பில் கண்டுபிடித்தாள். பிறகு ஒரு மாமி கண்டுபிடித்ததாக ஏற்பாடு செய்தாள். அவனை அவளுக்கு நிசமாகவே பிடித்திருந்தது. அதுதான் பாவம்.

உடுப்பு எடுக்கப் போனவள் பிறையைக் கண்டு வாப்பாவைக் கூப்பிட்டாள். மஃரூப் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். “பிறைதான். ஆனா பள்ளிவாசல் பிறைக் கமிட்டி சொல்லயில்லையே மகள்.” கண்ணால் கண்டால் போதும் என்று முப்பது வருடமாகப் பள்ளிவாசலில் மேசையில் அடித்த மனுஷன். ஒத்துக்கொண்டால் ஹமீம் வென்றுவிடுவாரே! வேலிக்கு அந்தப் பக்கம் கலாவதி எட்டிப் பார்த்தாள். “அண்ணை, உங்கட லைட் எங்கட பாத்ரூமுக்குள்ள அடிக்குது.” அது பிறை என்றார் மஃரூப். “என்னவோ ஒண்டு. தண்ணி சொட்டுது, பிழிஞ்சு போடுங்கோ.”

ஹமீமும் லேசுப்பட்டவரில்லை. பிறை அவருடைய பக்கம்தான் சாட்சி சொன்னது. என்றாலும், ஸ்ட்ரெதம் கொடியில் கிடக்கிறதைப் பார்த்துப் பெருநாள் எடுக்கத் தனக்கு ஏலாது என்றுவிட்டார்.

நுஸ்ரா இன்ஷாபை அழைத்தாள். “எந்த நாளெண்டாலும் எனக்குப் பரவாயில்லை. நீங்க கண்டதை மட்டும் சொல்லுங்கோ.” அவன் வந்தான். அழகாகக் கத்தரித்த தாடியில் வெளிச்சம் விழ நின்று, பிறையைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பி, பதில் வரும்வரை போனையே பார்த்திருந்தான். “எடிட் பண்ணின படமாம், நுஸ்ரா,” என்றான். பிறை அவன் தோளில் உரசிக்கொண்டிருந்தது. நுஸ்ரா அவனுடைய கண்களை வேலையில் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போட்டுத் தீர்க்கிற வியாதியில்லை என்று விளங்கியது. “போயிட்டு வாங்கோ,” என்றாள்.

மறுநாள் சட்டன்காரர் ஷெர்வானியோடும் தட்டுகளோடும் வந்தார்கள். பெண் வீட்டில் நோன்பு, கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் பெண் வீட்டில் பிரியாணி. சட்டன்காரர் வேலைக்குப் போய்விட்டார்கள். பிரியாணி கலாவதியின் ஃபிரீசருக்குப் போனது. யாருடைய பெருநாளாயிருந்தாலும் ஆடு ஆடுதானே.

பிறை போகவில்லை. வளர்ந்து முழுதாகி, தேய்ந்து, திரும்பவும் கீற்றானது. மஃரூப் கொடிக்குத் தடித்த கம்பி மாற்றினார். பௌர்ணமி வாரத்தில் கலாவதியும் தன் சேலைகளை அந்தப் பக்கம் காயப்போட்டாள்.

இன்ஷாப் தன் பிறைக்காரர் வீட்டிலேயே, ஹரோவில், கலியாணம் கட்டினான். இப்போது அந்த இரண்டு வீட்டுக்கும் கோடைகாலத்தில் இஷா எனும் இராத்தொழுகை எத்தனை மணிக்கென்று சண்டையாம். நுஸ்ராவைப் பார்க்க இரண்டு வருடம் கழித்து ஆர்ச்வேயில் கணக்குப் படிப்பிக்கும் ஸஃப்வான் வந்தான். எந்தப் பிறை என்று மஃரூப் விசாரிக்கத் தொண்டையைச் செருமிய நேரம், அவன் குசினி ஜன்னலால் பார்த்து, “பிறை நனையுது, உள்ள எடுக்கயில்லையா?” என்றான். நுஸ்ரா அவனுக்கு முதலில் தேத்தண்ணி ஊற்றினாள். நிக்காஹ் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. அது எல்லாப் பிறைக்கும் செவ்வாய்தான். இருவரும் ஆர்ச்வேக்குப் போய்விட்டார்கள்.

மழை வந்தால் இப்போது மஃரூப்தான் பிறையை உள்ளே எடுத்து வைக்கிறார். கமிட்டி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.