கடைசி ஊதல்

பாய்லர்காரர் தொலைபேசியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மணி பத்தாக ஏழு நிமிஷம் இருந்தது. அந்த அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருஷமாக அவர் செய்துவந்த ஒரே கள்ளத்தனம் இதுதான்: ஊதலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வீட்டுக்கு இரண்டு மணி அடித்து, யாரும் எடுப்பதற்குள் வைத்துவிடுவார்.

ஊதல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கரி எரிந்து எரிந்து கொதிகலனின் குழாய்களில் சாம்பல் அப்பிக்கொள்ளும். நீராவியைப் பீய்ச்சி அதை உதறிவிட வேண்டும். உதறியதைப் புகைபோக்கி வானத்துக்குக் கொடுக்கும். வானம் வாங்கிக்கொள்ளாமல், பின்னாலிருந்த தொழிலாளர் குடியிருப்பின் தலையில் கொட்டிவிடும். நடுவில் வடிகட்டி என்று ஒன்று இருந்தது. பாதி நாள் அது பழுது, மீதி நாள் பழுதுபார்ப்பு.

வீட்டில் இரண்டு மணி அடித்ததும் அவர் மனைவி வாசலுக்கு வந்து "துணீ...!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதைக் கேட்டு மூன்றாவது தெரு நாய்கூடத் தன் வேலையை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் குரைப்பதை நிறுத்திவிடும். சைரன் என்று தெரு அவளுக்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை. அடுத்த நிமிஷம் மாடிகளில் ஒரு துணி மிஞ்சாது. திருடர்கள் வந்து பாடம் படித்துப் போகலாம். வேலைக்குப் போனவர்கள் வீட்டுத் துணிகளையும் சைரன்தான் எடுப்பாள். ஒட்டிக் கட்டிய வீடுகள். கைப்பிடிச் சுவர்களைத் தாண்டித் தாண்டி நான்கு மாடிகளையும் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது, தலையில் மிளகுத்தூள் தூவினாற்போல் இருக்கும். தப்பித்தவறி ஒரு துகள் துணியில் விழுந்தாலும் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மை. ஊதித்தான் எடுக்க வேண்டும். சைரன் ஒரு ஊது ஊதினால், துகள் எல்லை தாண்டிப் போய் வேறு நாட்டுக் குடிமகனாகிவிடும்.

நேற்று டாக்டர் அவளுடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா எங்கே வேலை பார்த்தாங்க? சுரங்கத்திலயா?"

"வீட்டுலதான்," என்றார் பாய்லர்காரர்.

"வீட்டுல இருந்தவங்களுக்கா இப்படி?"

"நான் ஒரு பீடிகூடப் பிடிச்சதில்ல டாக்டர்," என்றாள் சைரன், வாக்கியத்துக்கு நடுவே இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி. "இவருதான் ஊருக்கும் சேர்த்து முந்நூறடி உயரத்துல ஒண்ணு பத்த வச்சிருந்தாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, படியேறவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியெல்லாம் ரப்பர் வைத்து அடைத்த, பெட்டிக்குள் பெட்டிபோலக் குளிர்ந்து கிடந்த அறையில் இத்தனை வருஷமும் அவர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் விழுகிற நேரம் பார்த்து, இரண்டு மணி அடித்து, அவளை மாடிக்கு அனுப்பியது அவர்தான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தெருவே துணியைக் காப்பாற்றியது. ஒருவருக்காவது, துணியை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம் என்று தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லையே!

இன்று காலை சொல்லியிருக்கலாம், துணி போடாதே என்று. சொன்னால் ஏன் என்பாள். அந்த ஏனுக்கு அவரிடம் பதில் இருந்தது; சொல்ல வாய் இல்லை. அவளோ பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி, அவருடைய நீலச் சட்டையை மாடியில் காயப்போட வைத்திருந்தாள். நாளைக்கு எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். இன்றோடு நிலையத்தை மூடுகிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, வெட்டவெளி முழுக்கச் சூரியத் தகடுகள் வெயிலைப் பார்த்துப் படுத்திருந்தன. சத்தமில்லை, புகையில்லை. இரண்டே ஆள் வேலை. ஒருவர் கழுவ, ஒருவர் கழுவினாரா என்று பார்க்க. மற்றவர்களுக்கு அதைக் கண்டால் வயிறெரியும். பாய்லர்காரருக்கு நேற்றிலிருந்து வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இது கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

"அண்ணே, ஊதிடலாமா?" என்றார் வால்வுக்காரர். "அண்ணிக்கு மணி அடிச்சாச்சா?"

பாய்லர்காரர் தொலைபேசியை வைத்தார்.

"ம்," என்றார்.

நீராவி கடைசி முறையாக உறுமியது.

பதினொரு மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பெண் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, கடைசி நாளும் அதுவுமா மறந்துட்டீங்களா? இதைப் பாருங்க, சிறுத்தைத் தோலு! இனிமே இதைப் போர்த்திக்கிட்டுப் படுத்தா எங்க வீட்டுக்காரரு பயந்து ஓடிடுவாரு."

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கூடத்தில் அவள் இல்லை. மாடிப்படியில், ஏழாவது படியில், காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"எதுக்கு ஏறினே? நான்தான் மணியே அடிக்கலையே!"

"பத்து மணிக்கு ஊதல்னு கடிகாரம் சொல்லாதா? உங்க மணியக் கேட்டுத்தான் எனக்குத் தெரியணுமாக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா?"

"அடிப்பீங்களே." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதைக் கேக்கத்தான் காத்திருப்பேன். இன்னிக்குப் பாதிப் படி ஏறிட்டேன். அது அடிச்சா மீதியையும் ஏறிடலாம்னு உக்காந்தேன். அடிக்கவே இல்ல."

அவர் அவளைத் தாண்டி மாடிக்குப் போனார். நான்கு மாடிகளிலும் துணிகள் புள்ளிபுள்ளியாக, சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. சட்டையை ஏந்தினாற்போல் எடுத்துக்கொண்டு இறங்கி, அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். காலரில் ஒரு துகள், இறகுபோல. அவர் விரல் அதன் பக்கம் போனது.

"தேய்க்காதீங்க," என்றாள். "கொடுங்க இப்படி."

சட்டையை வாங்கி மடியில் விரித்தாள். குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினாள். துகளின் ஓர் ஓரம் மெல்ல எழும்பியது, நடுங்கியது, மறுபடி காலரிலேயே படுத்துக்கொண்டது.

அவள் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு மூச்சுக்காக மெதுவாக நெஞ்சை நிமிர்த்தினாள்.